வணங்காமண் கப்பலும் ஒரு பெறுநர் பெயரும்

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய காக்கி ஃபைல் கையில் அகப்பட்டது. மேலே என் கையெழுத்தில் 'கேப்டன் அலி, 2009' என்று இருந்தது. உள்ளே பத்திரிகை நறுக்குகள். ஓரமெல்லாம் செல்லரித்துவிட்டது. என் மனைவி "இதையும் பேப்பர்காரனுக்குப் போட்டுடலாமா?" என்று கேட்டாள். இரண்டு நாள் பொறு, ஒரு தடவை எழுதிவிட்டுப் போடுகிறேன் என்று சொன்னேன். அதுதான் இந்தக் கட்டுரை.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருக்கும் அன்பர்கள் பலருக்கு அந்தக் கப்பல் நினைவிருக்கும். 2009 ஜூன் மாதம் 12-ஆம் தேதி வாக்கில் அது சென்னைக்கு வெளியே கடலில் வந்து நின்றது. சிரியா நாட்டுக் கொடி. பெயர் 'கேப்டன் அலி'. ஆனால் இங்கே எல்லாரும் அதை 'வணங்காமண்' என்றுதான் சொன்னோம். ஐரோப்பாவில் வாழும் ஈழத் தமிழர்கள், முக்கியமாக லண்டன் பக்கத்தவர்கள், வீடு வீடாகச் சேர்த்த உணவும் மருந்தும் அதில் இருந்தன. 884 டன். வன்னியில் பட்டினி கிடந்தவர்களுக்காகச் சேர்த்தது.

அன்று மாலை அலுவலகம் முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகாமல் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். பணி ஓய்வுக்கு ஒரு வருஷம்தான் பாக்கி. துறைமுகத்தை ஒட்டிய ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க். தெரிந்த விசைப்படகுக்காரர் ஒருவரிடம், "அந்தக் கப்பல் எதுப்பா?" என்று கேட்டேன். அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "அங்க ஏழெட்டு நிக்குது சார். எல்லாம் உள்ள வர நேரம் பாத்துகினு நிக்குது. அதுல எது அதுன்னு கரையில இருந்து எப்படிச் சொல்றது?" என்றார். என் கண்ணுக்கு எல்லாமே புள்ளிகள்தான். சாப்பாட்டுக் கப்பல் எது, சிமெண்ட் கப்பல் எது என்று தெரியவில்லை. அந்த மாலை இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கப்பல் ஏன் அங்கே நின்றது என்பதைச் சொல்வதற்கு முன் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்த பிறகும் சில பள்ளிகளில் அந்தப் படிப்பு தொடர்ந்தது. எங்கள் வாத்தியாருக்கு 'திக்தே' என்றால் உயிர். அவர் வாசிப்பார், நாங்கள் பிழையில்லாமல் எழுத வேண்டும். அப்படி எழுதிய பாடங்களில் ஒன்று ஆன்றி துய்னானைப் பற்றியது. ஜெனீவாக்காரர், பிரெஞ்சில் எழுதியவர். 1859 ஜூன் 24 அன்று இத்தாலியில் சோல்ஃபெரினோ என்ற ஊரில் பெரும் போர். வியாபார வேலையாக அங்கே போன துய்னான், காயப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் கிடப்பதைப் பார்த்தார். பக்கத்து ஊர்ப் பெண்கள் சட்டையின் நிறத்தைப் பார்க்காமல் எல்லாருக்கும் கட்டுப் போட்டார்கள். அவரும் சேர்ந்துகொண்டார். 1862-இல் அதைப் புத்தகமாக எழுதினார். அடுத்த வருஷமே ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வித்து விழுந்தது.

சட்டை நிறம் பார்க்காமல் உதவி செய்ய வேண்டும் என்பது பதினொரு வயதில் எளிதாகப் புரிந்தது. அதற்கு ஒரு விலை உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. இரு பக்கமும் உள்ளே விட வேண்டுமானால் இரு பக்கத்தையும் பற்றிப் பொதுவில் வாய் திறக்கக் கூடாது. செஞ்சிலுவைச் சங்கம் இதை வழக்கமாகவே வைத்துக்கொண்டது. கண்டதை ஆட்சியாளரிடம் தனியாகச் சொல்லும், பத்திரிகையிடம் சொல்லாது.

1967 முதல் 1970 வரை நைஜீரியாவில் பியாஃப்ரா போர் நடந்தது. வயிறு உப்பிய குழந்தைகளின் படங்கள் பிரெஞ்சுப் பத்திரிகைகளில் வந்தன. புதுச்சேரி நூலகத்தில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்திருக்கிறேன். அங்கே செஞ்சிலுவைக்காக வேலை செய்யப் போன பிரெஞ்சு இளம் டாக்டர்கள் சிலர், 'பார்த்ததைச் சொல்லாமல் இருப்பதும் குற்றம்தான்' என்று பொங்கினார்கள். அவர்களும் சில பத்திரிகையாளர்களும் சேர்ந்து 1971 டிசம்பரில் பாரிஸில் தொடங்கியதுதான் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு. அவர்களில் ஒருவர் பெர்னார் குஷ்னேர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடியும் வரும்.

எனக்கு அப்போது இருபது வயது. அந்த வயதில் யார் பக்கம் நிற்பேன் என்று சொல்லவும் வேண்டுமா? பேசுகிறவர்கள் பக்கம்தான். நாற்பது வருஷம் அப்படியேதான் இருந்தேன்.

இனி நம் கடலுக்கு வருவோம். 1987-இல் யாழ்ப்பாணம் முற்றுகையில் இருந்தது. ஜூன் மாதத் தொடக்கத்தில் இந்தியா உணவும் மருந்தும் ஏற்றி, செஞ்சிலுவைக் கொடியுடன், ராமேஸ்வரத்திலிருந்து படகுகளை அனுப்பியது. இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள், ஜூன் 4 அன்று, இந்திய விமானப்படையின் ஐந்து ஆன்டனோவ் விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் காவலோடு பறந்து யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் பொருளைப் போட்டுவிட்டுத் திரும்பின. 'பூமாலை' என்று அதற்குப் பெயர். எங்கள் ஆபீஸில் அன்று லட்டு கொடுத்தார்கள். நானும் இரண்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். 25 டன் என்றால் இரண்டு மூன்று லாரி லோடு. லட்சக்கணக்கான ஜனங்கள் உள்ள குடாநாட்டுக்கு அது ஒரு வேளைக்குக் கூட வராது. அது சாப்பாடு என்பதை விட, கொழும்புக்கு டில்லி போட்ட கடிதம். அந்தக் கடிதத்துக்குப் பலன் இருந்தது, ஜூலை 29-இல் ஒப்பந்தம் வந்தது. அதன் பிறகு என்னென்ன வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். நிவாரணப் பொருள் போர் விமானத்தின் காவலோடு போனால், அதை நிவாரணமாகப் பார்க்க எதிர்த் தரப்பு எப்படி ஒப்புக்கொள்ளும்? இந்தக் கேள்வி எனக்கு அன்று தோன்றவில்லை.

உள்ளே இருந்து வேலை செய்தவர்களின் கதை வேறு. 2006 ஆகஸ்ட் 4 அன்று திருகோணமலை மாவட்டம் மூதூரில், 'பசிக்கு எதிரான செயல்' என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வெள்ளைக்காரர் ஒருவரும் இல்லை. எல்லாரும் அந்த மண்ணின் பிள்ளைகள். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். சுனாமியில் போன ஊர்களுக்குக் குடிநீரும் கழிப்பறையும் அமைத்துக் கொடுத்தவர்கள். நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டையை அணிந்திருந்தார்கள். அந்தச் சட்டை தங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருப்பார்கள். இன்று வரை அந்தக் கொலைக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை.

2008 செப்டம்பரில் இலங்கை அரசு, வன்னியில் இருக்கும் ஐ.நா. ஊழியர்களும் மற்றத் தொண்டு நிறுவனங்களும் வெளியேற வேண்டும் என்று சொன்னது. பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை என்பது காரணம். கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் ஜனங்கள் கூடிப் போகாதீர்கள் என்று கேட்டார்கள். அவர்கள் போனார்கள். நான்கு வருஷம் கழித்து, 2012 நவம்பரில், சார்ல்ஸ் பெட்ரி தலைமையில் நடந்த ஐ.நா.வின் உள் ஆய்வே தங்கள் அமைப்பு பெரிய அளவில் தவறிவிட்டது என்று ஒப்புக்கொண்டது. அன்று வன்னியில் தங்கிவிட்ட பெரிய வெளி அமைப்பு சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் ஒன்றுதான். அந்த வாய் திறக்காத சங்கமேதான்.

அந்த நவம்பரில் தமிழ்நாட்டில் நிவாரணப் பொருள் திரட்டினார்கள். நம் தெருவிலும் சேர்த்தோம். வேட்டி, புடவை, சோப்பு, அரிசி, பால் பவுடர். அது 80,000 குடும்பப் பொதிகளாகக் கட்டப்பட்டு, நம் சென்னைத் துறைமுகம் வழியாகக் கொழும்புக்குப் போய், செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டு வன்னிக்குப் போனது. பிறகு இன்னும் பொதிகள் போயின. மொத்தம் இரண்டரை லட்சம் என்று இந்திய அரசு கணக்குச் சொன்னது. ஆரவாரம் இல்லை, போர் விமானம் இல்லை. ஆனால் பொருள் போனது.

2009 ஜனவரி கடைசி. முத்துக்குமாரின் இறுதி ஊர்வலம் கொளத்தூரிலிருந்து மூலக்கொத்தளம் சென்றதை இங்கே பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். அந்த நாட்களில் யாரைப் பார்த்தாலும் என்னிடம் ஒரே கேள்வி: "கவர்மெண்ட்ல இருக்கீங்க, ஹார்பர் பக்கத்துலதான் வேலை. ஒண்ணும் செய்ய முடியாதா?" நான் "மேலிடத்துல முடிவெடுக்கணும்" என்று சொல்வேன். முப்பத்தைந்து வருஷம் சொல்லிப் பழகிய பதில். அன்று அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

பிப்ரவரிக்குள் வன்னி ஜனங்கள் முல்லைத்தீவு கடற்கரையில் ஒரு சிறு துண்டு நிலத்தில் நெருக்கப்பட்டுவிட்டார்கள். அரசு அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள்ளேயே குண்டு விழுந்தது. ஆஸ்பத்திரிகள் மேலும் விழுந்தது. வெளியேற நினைத்தவர்களைப் புலிகள் தடுத்தார்கள், சுட்டதும் உண்டு. தரை வழி அடைபட்டுப் போனது. மிஞ்சியது கடல். பிப்ரவரி 10 முதல் மே 9 வரை, செஞ்சிலுவைக் கொடி போட்ட 'கிரீன் ஓஷன்' என்ற பயணிகள் படகு புதுமாத்தளன் கரைக்கு வந்து போனது. அங்கே துறைமுகம் கிடையாது, வெறும் மணல். பெரிய படகு தள்ளி நிற்கும். காயப்பட்டவர்களை மீன்பிடிப் படகுகளில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நம் காசிமேட்டுக்காரர்களுக்கு அந்த வேலை எவ்வளவு சிரமம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வரும்போது உணவும் மருந்தும் கொண்டு வரும், போகும்போது காயம்பட்டவர்களும் கூட இருப்பவர்களும். முதலில் திருகோணமலைக்கு, பிறகு புல்மோட்டைக்கு. புல்மோட்டையில் மார்ச் முதல் இந்திய மருத்துவக் குழு தற்காலிக ஆஸ்பத்திரி நடத்தியது. அந்த மூன்று மாதத்தில் இப்படி வெளியே வந்தவர்கள் ஏறத்தாழ 14,000 பேர்.

இரு தரப்பும் சம்மதித்தால்தான் ஒவ்வொரு தடவையும் அந்தப் படகு போக முடியும். ஒரு பக்கம் இல்லை என்றால் அன்று பயணம் இல்லை.

இதே சமயத்தில், ஏப்ரல் 29 அன்று, இரண்டு வெளியுறவு அமைச்சர்கள் போரை நிறுத்தச் சொல்லிக் கொழும்புக்கு வந்தார்கள். ஒருவர் இங்கிலாந்தின் டேவிட் மிலிபாண்ட். இன்னொருவர் பிரான்ஸின் பெர்னார் குஷ்னேர். ஆம், பியாஃப்ராவில் பொங்கிய அதே டாக்டர். இப்போது ஒரு வல்லரசின் அமைச்சர். பேசினார்கள், கேட்டார்கள், வெறும் கையோடு திரும்பினார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குள் ஏதோ ஒன்று ஆட்டம் கண்டது.

மே மாதம் பிறந்தபோது, 'கேப்டன் அலி' பிரான்ஸில் மார்செய் பக்கம் உள்ள ஃபோஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. மே 9-க்குப் பிறகு செஞ்சிலுவைப் படகு கரையை நெருங்க முடியவில்லை. மே 14 அன்று, எப்போதும் அளந்து பேசும் அந்தச் சங்கமே, இது கற்பனைக்கு எட்டாத மனிதப் பேரழிவு என்று வெளிப்படையாகச் சொன்னது. மே 18, 19-இல் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசி மாதங்களில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று 2011-இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. அப்போது வணங்காமண் கப்பல் இன்னும் நடுக்கடலில் இருந்தது.

ஜூன் 4 வாக்கில் அது இலங்கைக் கடலுக்குள் வந்ததும் கடற்படை பிடித்துச் சோதனை போட்டது. ஆயுதம் ஏதும் இல்லை. ஆனாலும் உரிய அனுமதி பெறாமல் வந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படித்தான் அது நம் கடலுக்கு வந்து, இடமில்லாத விருந்தாளி போல நின்றது. கப்பலில் குடிதண்ணீருக்கே தட்டுப்பாடு என்று பத்திரிகையில் வந்தது. முதல்வர் கருணாநிதி டில்லிக்கு எழுதினார். ஜூன் கடைசியில் கொழும்பு சம்மதித்தது. ஜூலை தொடக்கத்தில் சென்னைத் துறைமுகத்துக்குள் வந்து, சரக்கை இறக்கி, கண்டெய்னர்களில் அடைத்து, வேறு கப்பலில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பெறுநர், செஞ்சிலுவை.

இந்த இடத்தில் என் கிளார்க் புத்தி சும்மா இருக்கவில்லை. கப்பல் சரக்குக்கான காகிதத்தில் அனுப்புநர் என்று ஒரு கட்டம், பெறுநர் என்று ஒரு கட்டம் இருக்கும். சர்வீஸ் முழுக்க அந்தக் கட்டங்களைச் சரிபார்த்தே என் கண் போயிற்று. அந்த அரிசி மாறவில்லை, மருந்து மாறவில்லை. பெறுநர் கட்டத்தில் இரு பக்கமும் ஒப்புக்கொள்ளும் ஒரு பெயர் வந்தது, சரக்கு நகர்ந்தது. அனுப்புநரின் மனசு எவ்வளவு பெரியது என்று எந்தக் காகிதமும் கேட்பதில்லை. நகர்ந்தும் என்ன? கொழும்புத் துறைமுகத்தில் கட்டணம், டெமரேஜ் என்று மாதக்கணக்கில் கிடந்தது. அந்தச் செய்தி நறுக்குகளும் என் ஃபைலில் இருக்கின்றன.

அப்போது எங்கள் தெருவில் ஒரு அம்மா ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1990-இல் அகதியாக வந்தவர். கும்மிடிப்பூண்டி முகாமில் குடும்பம், வேலைக்காகத் திருவொற்றியூரில் ஒரு அறை. என் மனைவியை அக்கா என்பார், என்னை ஐயா என்பார். ஜூலையில் ஒரு நாள் துணி கொடுக்க வந்தவரிடம் என் ஆத்திரத்தையெல்லாம் கொட்டினேன். இந்த செஞ்சிலுவைக்காரர்கள் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தார்கள், ஒரு வார்த்தை வெளியே சொன்னார்களா, கடைசியில் சொல்லி என்ன பிரயோஜனம் என்று கேட்டேன்.

அவர் துணியை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நீங்கள் சொல்லுறது சரிதான் ஐயா. அவை வாய் திறக்கேல்லைத்தான். ஆனா திறந்திருந்தா, அடுத்த நாள் அந்தக் கப்பலைக் கரைக்கு விட்டிருப்பினமோ? என்ர தங்கச்சி அதிலதான் ஏறினவள். காலில ஷெல் பட்டு, பிள்ளையோட."

தங்கை உயிரோடு இருக்கும் செய்தி அவருக்கு அந்த வாரம்தான் வந்திருக்கிறது. கணவர் என்ன ஆனார் என்று தெரியவில்லை என்றார். என் மனைவி உள்ளே போய் அவருக்குக் காப்பி கொண்டு வந்தாள். நான் ஒன்றும் பேசவில்லை.

பேசியவர்கள் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பேசாமல் இருந்திருந்தால் 40,000 என்ற எண்ணே நமக்குக் கிடைத்திருக்காது. மூதூர்ப் பிள்ளைகளுக்காக அந்த பிரெஞ்சு நிறுவனம் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பதால்தான் இன்றும் அவர்கள் நினைவில் இருக்கிறார்கள். ஆனால் பேசுவது ஒரு வேலை, படகை மணல் கரை வரைக்கும் கொண்டு போவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் செய்ய முடியாது. கரைக்கு இந்தப் பக்கம் பத்திரமாக இருந்துகொண்டு, அந்தப் பக்கம் போனவர்களைப் பார்த்து ஏன் கத்தவில்லை என்று கேட்ட என் கேள்விதான் பிழை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐம்பத்தொன்பது வயது ஆயிற்று.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். 2022 மே 18. இலங்கையில் பொருளாதாரம் விழுந்து, பால் பவுடருக்கும் மருந்துக்கும் ஜனங்கள் வரிசையில் நின்ற சமயம். அதே சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல்வர் ஸ்டாலின் கொடியசைக்க ஒரு கப்பல் கிளம்பியது. 9,000 டன் அரிசி, கூடவே பால் பவுடர், மருந்து. சில நாளில் கொழும்பு போய்ச் சேர்ந்தது. யாரும் மறிக்கவில்லை. இந்தத் தடவை அது தமிழருக்கு மட்டும் இல்லை, சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் சேர்த்து. தேதியை யோசித்துத்தான் வைத்தார்களா, தற்செயலா என்று எனக்குத் தெரியாது. அன்று டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, துய்னானுக்காகத் திக்தே எழுதிய அந்தப் பையன் ஞாபகத்துக்கு வந்தான்.

ஃபைலைப் பேப்பர்காரனுக்குப் போடவில்லை. மனைவியிடம் சொல்லிவிட்டேன். மறுபடியும் பரணில்தான் இருக்கிறது.